அஷ்ரபின் நீளக் குழல்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
17.09.2025

அன்பு நண்பன் அஷ்ரபுக்கு,

நகோயாவில் வெயில் தணிந்திருக்கும், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். இந்தக் கிழமை முழுவதும் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். இரண்டாம் கிரேன் மூன்று தடவை நின்றுபோனது, மூன்று தடவையும் மின்சாரக்காரன் என்று என்னைத்தான் மேலே ஏற்றினார்கள். முழங்காலும் கழுத்தும் இன்னொருவருடையவை மாதிரி இருக்கின்றன.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். சொல்ல வேண்டியதை உன் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல எனக்கு ஏலாது. அதனால்தான்.

போன மாதம் ஒல்லாந்திலிருந்து ஐந்து வாத்தியக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய பரோக் சங்கீதத்தை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்பவர்கள். உள்ளூர்க் கலைஞர் ஒருவரும் சேர்ந்து வாசித்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். கலாசார உத்தியோகத்தர் பாக்கியரத்தினம் அக்கா எனக்குப் போன் எடுத்தா. 'தம்பி, அவையளுக்கு எங்கட ஊர்ப் புல்லாங்குழல் ஒண்டு வேணுமாம்' என்றா. என்னுடையது எங்கள் ஊர்க் குழல் இல்லை அக்கா, ஜப்பான்காரருடைய ஷாக்குஹாச்சி என்று சொன்னேன். 'அதுவும் மூங்கில்தானே, வாரும்' என்று போனை வைத்துவிட்டா.

போனேன். முதல் நாளே சிக்கல். அவர்களுடைய சுருதி இன்றைய சுருதியைவிட அரைச் சுரம் தாழ்வு. அந்தக் காலத்தில் அப்படித்தானாம். அவர்களைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லலாம் என்றால், ஆட்டுக் குடலில் செய்த தந்திகள். எங்கள் ஊர் வெக்கைக்கு ஏற்கனவே நாளுக்கு ஒன்று அறுந்துகொண்டிருந்தது. அதனால் நான் இறங்க வேண்டியிருந்தது. உனக்குத் தெரியும், தலையைக் குனிந்து நாடியைத் தாழ்த்தி ஊதினால் நம் குழலில் சுரம் இறங்கும். ஒன்றிரண்டு சுரத்துக்கு அது அழகு. ஒரு பாட்டு முழுவதையும் அப்படி ஊதிப் பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு ஒருவன் கதைப்பது போல இருந்தது. அரை மணித்தியாலத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவர்களின் தலைவி யோஹன்னா நல்ல மனுசி. நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், தனியாக ஒன்று வாசியுங்கள், எங்களோடு வேண்டாம் என்று அன்பாகத்தான் சொன்னா. அது எனக்குச் சுட்டது மச்சான். நகோயாவில் நீயும் நானும் சேர்ந்து ஊதியதற்குப் பிறகு இந்த எட்டு வருடமும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தானே ஊதுகிறேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உன் நீளக் குழல் ஞாபகம் வந்தது. என்னுடையதைவிட இரண்டு விரலகலம் நீளம், சரியாக அரைச் சுரம் தாழ்வு. பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கினாய். வகுப்பில் யாருடைய குழலோடும் சேரவில்லை. நான் ஊருக்கு வரும்போது, உம்மாவின் அலுமாரியிலாவது கிடக்கட்டும் என்று என் பையில் வைத்தாய்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். உன் தங்கச்சி ரிஸ்னாதான் அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தாள். வாப்பா உடுத்த சாரம் ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு வெடிப்புக்கூட இல்லை. உம்மா அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

'தாறன் மகன். அதுக்கு முந்தி ஒண்டு கேக்கன், பொய் சொல்லப்படாது' என்றார். 'வாப்பாட மவுத்த, அடக்கினதுக்குப் பொறகுதானே அவனுக்குச் சொன்ன நான். அந்தக் கோவத்துலதானே அவன் வாராம இரிக்கான்?'

அன்று நீ போனில் கத்தியது உனக்கே மறந்திருக்கும். வாப்பா போய் ஆறு வருடம். ஆறு வருடமும் உம்மா அதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கம்பனி லீவு தரவில்லை, கொரோனா, டிக்கெட் கிடைக்கவில்லை, அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவான் என்று நீ சொல்லச் சொன்னதையெல்லாம் நான் அந்த வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னேன். அவருக்கு ஒவ்வொன்றும் உன் கோபமாகத்தான் கேட்டிருக்கிறது.

சொல்லிவிட்டேன் அஷ்ரப். உன் விசா ஏழு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, ஒளித்து மறைத்துத்தான் வேலை செய்கிறாய், வெளியே வந்தால் திரும்பப் போக ஏலாது, எல்லாம். உன்னைக் கேட்காமல் சொன்னது பிழை. உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

உம்மா அழவில்லை. 'அப்ப அவன் என்னோட கோவமில்லையா?' என்று கேட்டார். இல்லை உம்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது ரிஸ்னா குசினிக்குள் எழும்பிப் போய்விட்டாள். பிறகு குழலை என் கையில் தந்து, 'ஊது பாப்பம்' என்றார். உதடு காய்ந்து போயிருந்தது, காற்றுத்தான் வந்தது. அப்படியானால் நான் கச்சேரியில் ஊதும்போது வந்து கேட்பதாகச் சொன்னார். ரிஸ்னா தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் பக்கத்து மண்டபத்தில் கச்சேரி. உங்கள் தெரு அபூதாஹிர் தன் ஆட்டோவில் உம்மாவையும் ரிஸ்னாவையும் ஏற்றி வந்தான். மண்டப வாசலில் நாலே நாலு படி. உம்மா இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். கச்சேரி தொடங்க இருந்தது, ஆனாலும் எல்லோரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். கால் மணித்தியாலம் கழித்து, ரிஸ்னாவின் தோளைப் பிடித்து மற்ற இரண்டையும் ஏறினார். ரிஸ்னாவின் கையில் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி இருந்தது. இப்போது எங்கே போனாலும் அதைக் கொண்டுதான் போகிறாளாம்.

உன் குழலில் துளைகளின் இடைவெளி கூடுதல். என் மோதிரவிரல் எட்டி எட்டித்தான் போனது, முதல் வரியில் காற்றுக் கசிந்தது. மெதுவான ஒரு நடனத் துண்டு. யோஹன்னா வாசிப்பது பியானோவுக்கு மூத்தது போன்ற ஒரு பெட்டி, சத்தம் சின்னது, அதன்மேல் இரண்டு வயலின், பெரிய தந்தி வாத்தியம் ஒன்று, மரக்குழல் ஒன்று. நான் நாடியைத் தாழ்த்தவில்லை. நிமிர்ந்து இருந்து ஊதினேன், சுரம் தானாக அவர்களோடு போய்ச் சேர்ந்தது. எது என் குழல், எது அவர்களுடையது என்று எனக்கே தெரியாத ஓரிடம் வந்தது. பாதியில் வயலின்காரியின் தந்தி அறுந்தது. அவ வில்லை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. அவ வாசிக்க இருந்த வரியை நான் எடுத்து ஊதினேன். இரண்டு இடத்தில் பிழைத்தேன், ஆனாலும் நிற்காமல் முடித்தோம். யோஹன்னா எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டா. எனக்கு அன்று சந்தோசப்படக்கூடத் தெம்பு இருக்கவில்லை, கொஞ்சம் உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது.

உம்மா குழலைத் திருப்பி வாங்கவில்லை. 'இவ்வளவு பதிஞ்ச சத்தத்துலயா அவனும் ஊதுவான்?' என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, உனக்கு எழுதச் சொன்னார். 'வரவேணாம் என்டு எழுது. வந்தா திரும்பிப் போக ஏலாதே. உம்மா சுகம் என்டு எழுது.'

எழுதிவிட்டேன். அவருடைய உடம்பு வருத்தத்தைப் பற்றி உனக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று வாக்கும் வாங்கிவிட்டார். அதனால் டொக்டர் சொன்னதை எழுத மாட்டேன். படியைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் நீ இன்னொரு தடவை வாசி.

வா என்றோ வராதே என்றோ சொல்ல நான் யார்? அங்கே நீ படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று பேசி நான் களைத்துவிட்டேன். உன்னிடம் அவரைப் பற்றிய பொய், அவரிடம் உன்னைப் பற்றிய பொய், இனி என்னால் தூக்க ஏலாது. பெருநாள் வரட்டும் என்று இருக்காமல் நீயே போன் எடு. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் தூங்குவதில்லை. கோபமில்லை என்று நான் மூன்று தடவை சொல்லிவிட்டேன். அதை உன் வாயால் ஒரு தடவை சொல்லு.

ஆட்டோவில் ஏறிய பிறகு உம்மா கையை வெளியே நீட்டினார். நான் குனிந்தேன். என் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி, உன் பெயரைச் சொல்லித் துஆக் கேட்டார். அந்தக் கையில் பாரமே இல்லை அஷ்ரப். உனக்கு வர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டு நின்றேன். அதைக் கடிதத்தில் வைத்து அனுப்ப ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

ஆண்டவன் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் நண்பன்,
கஜீபன்