வெட்டுக்கு முன் ஐந்து வரி

8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. மருந்துக் கடைக்கு பில் ரோல் இரண்டு பெட்டி வந்தது. முதலாளி அண்ணாச்சி ஒரே புலம்பல். "பில்லுக்கு அடியில இவ்வளவு வெள்ளத்தாள் சும்மா போவுதே, கொறைக்க முடியாதாம்மா?"

பிரிண்டர் செட்டிங்கைத் திறந்தேன். வெட்டுவதற்கு முன் தாள் ஐந்து வரி நகரும்படி இருந்தது. சைபர் வைத்தேன். ஒரு பில் அடித்தேன். குட்டையாக வந்தது. நீளத்தை மட்டும்தான் பார்த்தேன். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

9, செவ்வாய்

கடையில் கூட்டம். மாத்திரை எப்போது, எத்தனை என்பதை பில்லின் கடைசி வரியில் தமிழில் அடித்து, அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டுத் தருவது எங்கள் கடை வழக்கம். என் யோசனைதான். இன்று எத்தனை மடித்தேனோ, ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

மேரி அக்கா வந்தாள். புருஷன் அந்தோணி அண்ணனுக்குப் புது சர்க்கரை மாத்திரை.

இட்லி மாவு வாங்க மறந்தேன்.

11, வியாழன்

அந்தோணி அண்ணனின் தங்கை வந்தாள். அழுது வீங்கிய முகம். அண்ணன் நேற்று மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில். இன்னும் நினைவில்லை.

"டாக்டரு அர மாத்திர குடுக்க சொன்னா, காலைல ரெண்டு நைட்டு ரெண்டு குட்த்துகீறா. மாதா கோயில்ல எய்த்து கத்துகினாளாம், பெரிய படிப்பாளி! இப்ப நான்தான் தப்பா பட்ச்சிட்டேன்னு தலைல அட்ச்சிகினு கீறா."

அவள் கையிலிருந்த எங்கள் பில் சீட்டை வாங்கினேன். சீட்டின் தலைப்பில், முதல் வரியாக, "காலை 2, இரவு 2". கடைசி வரி இல்லை.

அப்போதுதான் புரிந்தது. தாள் நகராமல் வெட்டினால் கடைசி வரி பிரிண்டருக்குள்ளேயே தங்கி, அடுத்த ஆளின் சீட்டில் முதல் வரியாக வரும். முன்னால் வந்தவரின் மாத்திரைக் கணக்கு மேரி அக்காவுக்குப் போயிருக்கிறது. பாவி நான்.

மறுபடி ஐந்து வைத்தேன். திங்கள் முதல் பில் போட்ட எல்லாருக்கும் போன். நிறைய பேர் பழைய மாத்திரைக்காரர்கள், வழக்கப்படி சாப்பிட்டிருக்கிறார்கள். போனை எடுக்காதவர்கள் நான்கு பேர். வீட்டுக்கே போனேன், கொருக்குப்பேட்டை வரை. யாருக்கும் ஒன்றுமில்லை.

அண்ணாச்சி: "அந்தப் புள்ளயே தப்பாப் படிச்சேன்னு சொல்லுதுல்லா? நீ எதுக்கு வாயத் தொறக்க? கட போயிரும்மா."

ஒரு நிமிஷம் அது சரியென்றே பட்டது. வெட்கமாக இருக்கிறது.

12, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. மேரி அக்கா தரையில், தனியாக. சொந்தக்காரர்கள் எல்லாம் தள்ளி. யாரும் அவளுக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை.

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நீ தப்பா படிக்கலக்கா. சீட்டுதான் தப்பு. மிசின மாத்தி வெச்சது நான்."

நாத்தனார் கை ஓங்கினாள். அடிக்கவில்லை.

மேரி அக்கா சீட்டைக் கேட்டு வாங்கினாள். விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, வாய்விட்டுப் படித்தாள். மறுபடியும் ஒரு தடவை. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்.

"அவரு கண்ணு முய்ச்சதும் நீயே அவராண்ட சொல்லணும். மேரி சரியாத்தான் பட்ச்சான்னு சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மணி நாலு. அவர் இன்னும் முழிக்கவில்லை.