திருப்பிப் போட்ட பனியன்

தார் ரோடு பாகாய் உருகும் இந்த அக்கினி நட்சத்திர வெயிலில் என் கட்டிங் மேசை மேல் பனி கொட்டிக் கிடக்கிறது, மாப்பிள்ளை. சிவப்புத் துணி நெடுகப் பனிமனிதர்கள். கிறிஸ்துமஸ் ஆர்டர். ஊருலகத்துக்கெல்லாம் மார்கழியில் பிறக்கிற ஏசு, நம் திருப்பூரில் மட்டும் வைகாசியிலேயே பிறந்து ஆடியில் கப்பல் ஏறிவிடுவார். புதுச்சாயம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்தது. நிம்மதியான நினைப்பு அல்ல.

செக்கிங் பிரிவுக்கு நீ சக்கரவர்த்தி. ஒவ்வொரு பீஸையும் உள்புறம் திருப்பித் தையலைப் பார்ப்பாய். "வெளிய எல்லாரும் யோக்கியந்தான் மாப்ள, உள்ளாற திருப்பிப் பாரு" என்பாய். அது போதாதென்று பண்டிகை ஞானம் வேறு. துணி எந்தத் தேசம் போகிறதோ அந்தத் தேசத்துப் பண்டிகை மதியச் சோற்றோடு எங்களுக்குக் கிடைக்கும். ஸ்பெயினில் புது வருடம் பிறக்கையில் நடுராத்திரி மணியின் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை தின்பார்களாம். டென்மார்க்கில் பழைய தட்டுகளைச் சிநேகிதன் வாசலில் வீசி உடைப்பார்களாம். எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸே ஜனவரியில்தானாம். தையல் பெண்கள் சோற்றை மறந்து கேட்பார்கள். மகாமேதையாகிய நான் பேசினாலோ, ஈ கூடத் திரும்பிப் பார்க்காது.

பொறுக்கவில்லை. ஒருநாள் அவிழ்த்துவிட்டேன்: "ஏப்பா, அந்த வடக்குப் பனி நாட்டுல கிறிஸ்துமஸுக்கு உள்பனியனைத் திருப்பித்தான் போடுவாங்களாமா? வர்ற வருசத்துக் கெட்டது ஆளை அடையாளந் தெரியாம தாண்டிப் போயிருமாமே?"

"ஆருப்பா சொன்னா?"

"துணி வாங்குற பையர் ஆபீஸ்லயே பேசிக்கிட்டாங்க."

வேறெவனும் சிரித்திருப்பான். ஆயுசெல்லாம் பனியனைத் திருப்பியே பார்த்த நீ நம்பினாய். உனக்கென்றே அளவெடுத்து வெட்டிய பொய் அது.

அந்த நாட்டிலிருந்தே பையரம்மா வந்தாள். நீ சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, ஓவர்லாக் தையல் வெளியே துருத்திய பனியனைக் காட்டி, "மேடம், யுவர் கஸ்டம்!" என்றாய். அவள் திருதிருவென விழித்தாள். அப்படியொரு பழக்கமே தங்கள் நாட்டில் இல்லை என்றாள். எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் பறந்து பல்லடத்தில் விழுந்தது. அதில் முக்கால்வாசி என் சிரிப்பு. 'உல்டா' என்று உனக்குப் பேர் வைத்தவனும் நானே.

சாயங்காலம் டீக்கடையில் நீ சொன்னாய்: "அந்தப் புள்ள டவுன்ல வளந்திருக்கும், பழமையெல்லாம் தெரியாது. நீ போயி எங்கிட்டப் பொய் சொல்லுவியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். இன்னொரு பஜ்ஜி சொன்னேன்.

அதன்பின் பொங்கலோ, உன் மகள் கல்யாணமோ, பக்கத்து வீட்டு ரம்ஜான் விருந்தோ, நல்ல நாளென்றால் உன் பனியன் திரும்பித்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் நான் ஊரைக் கூட்டிக் காட்டினேன். நீயும் கூடவே சிரித்தாய்.

போன மாசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாய். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் பனியனின் தோள்தையல் புடைத்துத் தெரிந்தது. என் பார்வை போன இடத்தை உன் மனைவி கவனித்துவிட்டாள்.

"நாந்தானுங்ண்ணா அப்படிப் போடச் சொன்னேன். நல்லது கெட்டதுக்கெல்லாம் இவரு அப்படித்தானுங்களே போடுவாரு. போற எடத்துலயாவது கெட்டது இவரை அடையாளங் கண்டுக்கக் கூடாதுங்க. நீங்க சொன்னதுன்னு அத்தனை நம்பிக்கை இவருக்கு."

எட்டு ஊருக்குக் கேட்கிற வாய் எனக்கு. "சரிதான் தாயி" என்று மட்டும் வந்தது.

நீ ஒரு பீஸையும் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை. என்னை மட்டும் பார்க்காமலே பாஸ் போட்டுவிட்டாய்.

நான் இன்றும் பனியனை நேராகத்தான் போடுகிறேன், மாப்பிள்ளை. வருகிற கெட்டதுக்கு அடையாளம் தெரிய வேண்டுமல்லவா.