ஆறு பெல்ட்டும் என் வாயும்

28/9 ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். மல்யுத்த ரிங் உடுப்பு காயவில்லை. ஈரத்தோடு பையில் திணித்துக்கொண்டு மலையிறங்கி ஈப்போவுக்கு. யுன் வீட்டுக் காய்கறி லோரியில் வழக்கம்போல் ஓசிப் பயணம். மலைமேல் கியா பார்ம் தோட்டத்துச் சீனப் பெண். வழியெல்லாம் அவளும் நானும் மலாய் மொழியில் அரட்டை. ரிங்குக்குள் போனால் என் முடியைப் பிடித்து இழுப்பவள் அவள்தான்.

பயிற்சி முடிந்து மீட்டிங். யுன் இல்லை, காய்கறி இறக்கப் போய்விட்டாள். மல்யுத்தக் கம்பெனி முதலாளி பிரகாஷ் அண்ணே (இனி பி.அ.) யாரோ ஒருத்தன் இணையத்தில் எழுதியதை வாசித்தார். "பதினஞ்சு பேருக்கு ஆறு பெல்ட்டு. கல்யாண மண்டபத்துல டத்தோ பட்டக்காரங்க கணக்கா இருக்கு லா."

எல்லாரும் சிரிப்பு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"உண்மதானே அண்ணே? ஆளுக்கு ஒரு பெல்ட்டுன்னா அப்புறம் யாருதான் சாம்பியன்? பாதிய தூக்கிருங்க."

கைதட்டல் வேறு. பி.அ. தலையாட்டினார்.

"சரியா சொன்ன. மொதல்ல உன்னோடத தூக்கிருவோம். பொண்ணுங்க மூணே பேரு. அதுக்கு எதுக்கு தனியா ஒண்ணு?"

யாரும் கைதட்டவில்லை. நான் உட்பட.

29/9 திங்கள்

தேயிலை சலிக்கும் மெஷினில் நாள் முழுக்க. தூசி. தும்மித் தும்மி மூக்கு பீட்ரூட்.

மதியம் மேரியக்காவிடம் சொன்னேன். பக்கத்து மெஷின்காரி, எனக்குப் பத்து வயது மூத்தவர். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தியா நீ?" என்றார். ஆறுதல் என்று வேறு எங்காவது போயிருக்க வேண்டும்.

ஆறு பெல்ட்டும் இன்றைய தேதிக்கு எங்கே:

1. பெரிய பெல்ட்டு. ஒழுங்காகச் சண்டை நடக்கிறது. குறை இல்லை.
2. ஜோடி பெல்ட்டு. ஜோடியில் ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம். பெல்ட்டும் அவனோடு போயிற்று.
3, 4. மலேசியா, ஆசியா. இரண்டும் ஒரே ஆள் இடுப்பில். ஆசியா என்றால் ஈப்போவும் பக்கத்து ஊர் தாப்பாவும்.
5. இணைய பெல்ட்டு, நேரலைச் சண்டைகளுக்கு. பி.அ.வின் மச்சான். முட்டி வலியாம். போட்டோவுக்கு மட்டும் வலி இல்லை.
6. என்னுடையது, பெண்கள் பெல்ட்டு. பதினாலு மாதம், பதினோரு சண்டை. ஒரு கடைவாய்ப்பல் காலி.

பெல்ட்டு அதிகம்தான். சொன்ன சொல்லை விழுங்க மாட்டேன். ஆனால் அதிகப்படி ஆறாவதா?

1/10 புதன். ஆயுத பூசை

மூடுபனி. எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. பாக்டரியில் அரைநாள்தான் வேலை. மெஷினெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம், குங்குமம், மாலை. ஸ்பேனர், கவ்வாத்துக் கத்தி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டர் சைக்கிள் எல்லாம் வரிசையில். நானும் பெல்ட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

மண்டோர் முறைத்தார். "இது என்னாம்மா ஆயுதம்?"

"அவ அடி வாங்குறது இதுக்குத்தானே, வைங்க" என்றார் மேரியக்கா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் சுண்டலுக்கு முதல் ஆள். மண்டோர் முனகிக்கொண்டே பெல்ட்டுக்கும் பொட்டு வைத்தார்.

மூன்றாம் நம்பர் உருட்டு மெஷினுக்கு மட்டும் வைக்கவில்லை. போன வருடமே படுத்துவிட்டது. அதற்கு ஏன் இல்லை என்று மண்டோரைக் கேட்டேன்.

"ஓடாத மெஷினுக்கு எதுக்கு பொட்டு? வேல செய்யிறதுக்குத்தான்."

சுண்டலைக்கூட முடிக்கவில்லை. வெளியே வந்து பி.அ.வுக்குப் போன். "மூணு மாசமா சண்ட நடக்காத பெல்ட்ட தூக்குங்கண்ணே. ஓடாத மெஷினு அதுங்கதான். என்னோடது ஓடுது."

"பாடம் எடுக்காத லா. சனிக்கிழம யுன்கூட அந்த பெல்ட்டுக்கு கடைசி சண்ட. நீதான் ஜெயிக்கிற. மால, பொன்னாட எல்லாம் உண்டு. மைக்க புடிச்சி நல்லதா நாலு வார்த்த பேசி பெல்ட்ட என் கையில குடுத்துரு. தோக்காத ராணியா போற. வேற என்னா வேணும்?"

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதுவது அவர். அடியும் வலியும் மட்டும்தான் எங்கள் சொந்தம்.

2/10 வியாழன்

மழை. வேலைக்குப் பிறகு கண்ணாடி முன் துண்டைப் பொன்னாடை மாதிரி போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெட்கம். இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஞாயிறு லோரியில் சொல்லாமல் மறைத்த விஷயத்தை யுன்னிடம் போனில் சொன்னேன். வருடக் கடைசிக்குள் என் பெல்ட்டை வாங்கிவிட வேண்டுமென்று சோள மூட்டையைத் தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாளாம். இனிமேல் யாரை ஜெயிப்பது, எதற்கு ஜெயிப்பது என்று கேட்டாள். முதலில் கோபம் அவள்மேல் வந்தது. அப்புறம் பி.அ.மேல். கடைசியில் வந்து உட்கார்ந்தது என்மேல்.

3/10 வெள்ளி

நகம் வெட்டினேன். முழங்கால் பட்டை தைத்தேன். மேரியக்கா அன்று சுண்டல் போட்டுக் கொடுத்த டப்பாவைத் திருப்பிக் கேட்டார், நாளைக்கு என்றேன்.

முடிவு எடுத்தாயிற்று. யுன்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள்.

5/10 ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. வெயில். நேற்றையதை எழுதிவிட வேண்டும்.

ஈப்போ பேட்மிண்டன் ஹால், மதியம் மூன்று மணி. நல்ல கூட்டம். யுன்னின் அப்பா முதல் வரிசை. பி.அ. மடித்த பொன்னாடையோடு கயிற்றோரம் தயார்.

எழுதியபடி யுன்னைத் தூக்கிப் போட்டு நான் அமுக்க வேண்டிய இடம் வந்தது. தூக்கவில்லை. அவள் கை பட்டதும் மல்லாந்து விழுந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து, அடிபட்டதா என்றாள்.

"அமுக்குடி." தமிழில்தான் வந்தது. அந்த அளவு தமிழ் அவளுக்கு உண்டு.

நடுவர் முழித்தார். தோள் இரண்டும் தரையில். மூன்று வரை எண்ணித்தானே ஆக வேண்டும், அதுவரை தோள் எழாவிட்டால் தோல்வி.

ஒன்று.

"தோள தூக்கு! தூக்கு லா!" பி.அ. குரல்.

இரண்டு. தூக்கவில்லை.

மூன்று.

பி.அ. மைக்கை எடுப்பதற்குள் பெல்ட்டை நானே அவள் இடுப்பில் மாட்டி, கையை உயர்த்திவிட்டேன். அவள் அப்பா நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். ஹாலே எழுந்து நின்றது. பி.அ. ஏதோ பேசினார், யார் காதிலும் விழவில்லை.

உடை மாற்றும் அறைக்கு வந்து பி.அ. என்னைப் பிடித்துக்கொண்டார். "தோக்காம போக வேண்டியவ. நீயே கெடுத்துக்கிட்ட. என்னா கெடச்சிச்சு?"

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? சாம்பியன் அங்க நிக்கிறா. பெல்ட்டு வேணும்னா அவகிட்ட கேளுங்க."

கேட்டார். யுன் இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, முடியாது என்றாள். வெளியே கூட்டம் இன்னும் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அவரால் என்ன செய்ய முடியும்?

லோரியில் வரும்போது, பெல்ட்டுக்காக முதலில் தன்னோடு மோதப் போவது யார் என்று யுன் கேட்டாள்.

நான்தான் என்றேன். அடுத்த மாதமே. இந்தத் தடவை விழ மாட்டேன்.