மீனா வேண்டாமென்று சொன்ன வேலை

நாகப்பட்டினம்,
மார்கழி மாதம்

அன்பு மகள் சபிஹாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய ரஹ்மத்தால் நானும் உன் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கை ஏந்துகிறோம். மழை இந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்கிறது, படகுகள் பாதி நாள் கரையில்தான், அதனால் நம் கடையில் வலையும் கயிறும் அப்படியே கிடக்கின்றன. உம்மாவுக்கு மூட்டு வலி தேவலை. போனில் எதைக் கேட்டாலும் நீ சிரித்து மழுப்பிவிடுகிறாய், எனக்கும் கேட்க வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதி, அங்கே புறப்படும் அஸார் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உன் வேலையைப் பற்றித்தான். அந்தப் பெரிய கம்பெனியை விட்டுவிட்டாய். இப்போது வேலை இடையில் நின்றுபோனவர்கள், வேறு வேலைக்கு மாற நினைப்பவர்கள், பாதி நேரம் மட்டும் முடிகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் வழி செய்து கொடுக்கிறேன் என்கிறாய். அது என்ன வழி, இதையும் ஒரு உத்தியோகம் என்று வைத்திருக்கிறார்களா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொல்லு, அந்தக் கம்பெனியில் உன்னை நிறுத்திவிட்டார்களா, நாங்கள் கவலைப்படுவோம் என்று மறைக்கிறாயா? அப்படியே இருந்தாலும் ஒரு குறைச்சலும் இல்லை மகளே, சொல்லிவிடு. உம்மாவிடம் கேட்டால், நீங்களே கேளுங்களேன் என்று அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

மீனா விஷயமும் அப்படித்தான், எனக்கு இன்னும் தலைகால் புரியவில்லை. நம்மிடம் வலை வாங்கும் மாரியப்பனின் மகள், பிசியோதெரபி படித்து ஆஸ்பத்திரி வேலையில் நன்றாகத்தான் இருந்தாள். பிள்ளை குந்தவைக்குக் காலில் பலமில்லை என்று தெரிந்தபிறகு வாராவாரம் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று, புருஷன் மனோகரன் விசைப்படகில் போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது, லீவு கேட்டுக் கேட்டே அந்த வேலை போய்விட்டது. பாய், நிலையா ஒரு வேலைக்குச் சொல்லிவிடுங்கன்னு மாரியப்பன் வந்து நின்றார். நானும் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஹாஜா மைதீனிடம் பேசி இடம் வாங்கிவிட்டேன். சேருவதற்கு முன்னால் நீ நாலு வார்த்தை தைரியம் சொல்வாய் என்றுதான் உன்னைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். பேசினீர்கள் பேசினீர்கள், இரவு இஷா பாங்கு சொல்லியும் முடியவில்லை. பேசிவிட்டு வந்தவள், மாமா கோவிச்சுக்காதீங்க, நான் அந்த ஆபீசுக்குப் போகலைங்கிறாள். ஹாஜா மைதீன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அன்று உன் மேல் வந்த கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்த நாள் பிள்ளைக்கு என்று முதலில் ஒதுக்கிக்கோ, மிச்சத்துக்கு மட்டும் வேலை தேடு என்றாயாமே. எந்த ஊரில் அப்படி வேலை கொடுக்கிறார்கள் என்று நான் உம்மாவிடம் சிரித்தேன். முதலில் போன இடத்தில் முழுநேரம் இல்லையென்றால் வராதே என்று அனுப்பிவிட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நீ மறுபடி பேசியிருக்கிறாய். அப்புறம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரச் சொன்னார்கள். பிள்ளைக்கு ஒதுக்கிய நாள் போக மற்ற நாளில் அக்கரைப்பேட்டையில், மீன் கூடை சுமந்து தோள் போன பெண்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். மழை வந்தால் வருமானம் சுருங்குகிறது, பயமாத்தான் இருக்கு மாமான்னு அவளே சொல்கிறாள். என் பொண்ணு வேலைக்குப் போறாளா போகலையான்னு ஊர்ல கேக்குறாங்க, என்ன சொல்லட்டும் பாய் என்றார் மாரியப்பன். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

ஐப்பசியில் அந்த மாரியப்பனுக்கே பக்கவாதம் வந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். வலது கை விழுந்து, வாயும் கோணிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மீனா நர்சிங் ஹோம் நாளை மாற்றிக்கொண்டு, காலையும் மாலையும் அந்தக் கைக்குப் பயிற்சி கொடுப்பதை விடவில்லை. பார்க்க வந்த ஹாஜா மைதீன், எங்க ஆபீஸ்ல இருந்திருந்தாலும் நான் லீவு கொடுத்திருப்பேனேம்மா என்றார். எத்தனை நாள் கொடுத்திருப்பீங்க மாமா என்று மீனா மரியாதையாகத்தான் கேட்டாள், அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் போனபோது அந்தக் கை கயிற்றைப் பிடிக்கிறது, முடிச்சுதான் விழவில்லை. இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாய், கடலுக்குப் போகலைன்னா நான் யாருன்னு கேட்டு அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன், நம்ம கடைக்கு வாங்க, புதுசா படகு வாங்கினவங்க வலை கேட்டா நான் சொல்றதைவிட நீங்க சொன்னா நம்புவாங்க, உடம்புக்கு முடிஞ்ச நாள் வந்தா போதும்னு. மீனா என்னையே பார்த்துச் சிரித்தாள், ஏன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது. முடிந்த நாள் மட்டும் வருகிறவருக்கு எப்படி ஏற்பாடு செய்வது, நாள் கணக்கா, மாசமா? அவர் நாற்காலியைக் கல்லாப் பக்கத்தில் போட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், வாசலில் போட்டால் பாவம் பார்த்து உட்காரவைத்த மாதிரி ஆகிவிடும். சொந்தப் படகு ஓட்டினவர், அவர் மனசு நோகக் கூடாது. உம்மாவைக் கேட்டால், உங்க மகளைக் கேளுங்க, அதுதானே அவ வேலைங்கிறாள். அப்படியா மகளே?

உன் ரிஸ்கில், உன் சம்பாத்தியத்தில், அல்லாஹ் பரக்கத் செய்வானாக, உன்னிடம் வருகிறவர்களுக்கும் நல்ல வாசலைத் திறப்பானாக. மாப்பிள்ளைக்கு என் சலாம். உம்மா நெய் கொடுத்தனுப்புகிறாள், வைத்துப் பூட்டாமல் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. தை பிறந்ததும் மாரியப்பன் வருகிறார், நாற்காலியை எங்கே போடுவது என்று அதற்குள் சொல்லு.

உன் வாப்பா,
மீரா உசேன்