ஞாயிறு வரிசையில் உன் பெயர்

செகொண்டி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் க்வெசிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. நன்றாக இருக்க வேண்டுமென்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இன்று செவ்வாய், கடலில் படகு இறங்காத நாள். மீன் இல்லை, அதனால் வியாபாரமும் பாதிதான். எசி மான்சா நாளைக் காலையில் புகை போட்ட மீன் கூடைகளோடு அபிஜானுக்கு லாரி ஏறுகிறாள். துறைமுகத்தில் உன்னைத் தேடிப் பிடித்து உன் கையிலேயே கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். போன் அடித்தால் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. நீ பேசிப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. மணி அடிக்கிறதே, அதுவரைக்கும் சரி என்று இருந்துகொள்கிறேன்.

வீட்டுக் கூரையில் இரண்டு தகடு மாற்றினேன். உன் சித்திக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது, அதனால் எல்லோர் வீட்டிலும் குற்றம் கண்டுபிடிக்கிறாள்.

ஊர்ச் செய்தி பெரியது. நம் சதுக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள பழைய தெருக்களையும் திருத்தப் போகிறார்கள். சாக்கடையை மூடி, தரைக்குக் கல் பாவி, விளக்குப் போட்டு, விழுந்த கச்சேரி மண்டபத்தை மறுபடி எழுப்பப் போகிறார்களாம். நாடகக்காரர்களுக்கும் பாண்டு வாத்தியக்காரர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் தனித்தனி இடமாம். சர்க்கார் பாதி தருகிறது, மீதியை ஊர் போட வேண்டும். மருந்துக்கடை ஆராபாதான் கமிட்டித் தலைவி.

அவள் இரண்டு மாதம் முன்பு என்னிடம் வந்தாள். "அமா அக்கா, நீங்க மேடையில வந்து உக்காந்தா போதும். பேசக்கூட வேண்டாம். பக்கத்துல தம்பி எகோவோட படத்தைப் பெரிசா வச்சுடுவோம். பாத்தாலே ஜனங்க பையைத் திறப்பாங்க" என்றாள். "செத்த மகனுக்காக நான் போட்டிருக்கிற கறுப்புத் துணி உனக்கு உண்டியலா தெரியுதா? எந்திரிச்சுப் போடி" என்று சொல்லிவிட்டேன். படித்தவள், கார் வைத்திருக்கிறவள், பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறு வாரமும் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு என்னோடு உட்கார்ந்து சோளத்தோலில் கெங்கே மாவு உருண்டை கட்டினாள். அவள் கட்டினது அத்தனையும் பானைக்குள் அவிழ்ந்து கூழாகிவிட்டது. "மருந்து மடிக்கிற கை, சோறு மடிக்குமா?" என்று எசி மான்சா கேலி செய்தாள். நானும் சிரித்துவிட்டேன். எகோவ் போன பிறகு அன்றுதான் சிரித்தேன். பிறகு நானே சொன்னேன், வருகிறேன், ஆனால் படம் கூடாது என்று.

போன சனிக்கிழமை வசூல் நடந்தது. வழக்கம்போல ஏழு கிழமைக்கு ஏழு பேசின் வைத்து, அவரவர் பிறந்த கிழமைக்கு அவரவர் ஆடிக்கொண்டு போய்ப் பணம் போட வேண்டியது. அதிகமாகப் போடுகிற கிழமைக்காரர்கள்தான் திறப்பு விழாவில் முதலில் சதுக்கத்துக்குள் கால் வைப்பார்கள் என்று பந்தயம். முடிவெட்டுகிற கோபினா கையில் மைக். அவன் வாயைக் கேட்க வேண்டுமே! "புதன்கிழமைக்காரங்களே, கையை ஆட்டுனது போதும், கொஞ்சம் பைக்குள்ளயும் விடுங்க!" என்கிறான். வெள்ளிக்கிழமைக்காரர்களைப் பார்த்து, "போன தடவையும் சம்பளம் வரலைன்னீங்க. உங்க முதலாளி இன்னும் பொறக்கலையா?" என்கிறான்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆராபா என்னைப் பார்த்தாள். பேச வேண்டாம் என்றுதான் கண்ணால் சொன்னாள். நானாக எழுந்தேன். நான் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "பதினாறு வருஷம் அந்த மண்டபத்துச் சுவத்துல ஆணி அடிச்சுக் கடைக்குத் தார்ப்பாய் கட்டுனவ நான். ஒவ்வொரு மழைக்கும் ஒரு புது ஆணி. கோபினா கண்ணாடி மாட்டுனான். பாண்டுக்காரங்க வாத்தியத்தைச் சாச்சு வச்சாங்க. வெடிப்பு விரல் நுழையிற அளவு ஆச்சு, நான் அதுல சில்லறை சொருகி வச்சேன். எம்மகனும் அன்னைக்கு மழைக்கு அதுலதான் சாஞ்சு நின்னான், அவன் மேலயே விழுந்துச்சு. ஜனங்க சாயத்தான் செய்வாங்க. சாஞ்சா தாங்குற சுவரா கட்டுங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன்.

க்வெசி, இதை உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். மண்டபத் தாழ்வாரத்தில் போய் நில், நான் வாங்கி அனுப்பின ஷூவை லாரிக்காரன் கொண்டுவந்து தருவான் என்று நீ போனில் சொன்னதாக எகோவ் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கு அன்றைக்கே தெரியும். மழை விடட்டும் என்று நான் சொன்னேன், அவன் நிற்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே போனான். லாரிக்காரன் அந்த ஷூவை மறுநாள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். உன் கண் அளவு தப்பவில்லை. அடக்கத்தின்போது அதைத்தான் அவனுக்குப் போட்டு அனுப்பினோம். நீ வரவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. வராததற்கு நான் காரணம் கேட்கவில்லை.

முதலில் எகோவ் பிறந்த வியாழக்கிழமையைக் கூப்பிட்டார்கள். எகோவுக்காக நான் எழுந்திருப்பேன் என்று சனம் முழுக்க என்னைப் பார்த்தது. அவனுக்காக ஊரே எழுந்து ஆடியது, வெள்ளிக்கிழமைக்காரர்கள்கூடக் கள்ளத்தனமாக அந்த வரிசையில் நுழைந்தார்கள். அவனுக்கு ஆள் இருக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தேன். என் கிழமை சனி. அதற்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஞாயிறைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் வரிசையில் நின்றேன்.

எசி மான்சா ஞாயிற்றுக்கிழமைக்காரி அல்லவா, எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்து, "ஏ அமா, உனக்குப் புத்தி கலங்கிடுச்சா? உங்கம்மா உன்னை ரெண்டு தடவையா பெத்தா?" என்று கேட்டாள். "எம்பெரியவன் ஞாயித்துக்கிழமைடி. அவன் வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும். அவன் எடத்துல நான் ஆடுறேன்" என்றேன். கறுப்புத் துணி கட்டினவள் ஆடலாமா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பேசின்வரை ஆடிப் போனோம். மெதுவாகத்தான். முட்டி வலி இன்னும் இருக்கிறது. யார் பெயரில் எழுத என்று கமிட்டிப் பையன் கேட்டான். க்வெசி ஓட்டூ என்று சொன்னேன்.

ஜெயித்தது புதன்கிழமை. பஸ் முதலாளி ஒருவர் கடைசி நிமிடத்தில் ஒரு லாரி சிமெண்டு தருவதாகச் சொல்லிவிட்டார். சிமெண்டு செல்லாது என்று செவ்வாய்க்கிழமைக்காரர்கள் இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். நம் ஞாயிறு ஆறாவது.

வேலை தொடங்கிவிட்டது. உடைந்த கல்லையெல்லாம் அள்ளிவிட்டார்கள். எனக்குச் சதுக்கத்தின் மேற்கு மூலையில் கூரை போட்ட கடை தருகிறார்களாம். அடுத்த மாதம் எகோவ் போய் வருஷம் ஆகிறது, கறுப்பைக் கழற்ற வேண்டும். வீட்டில் மூத்த ஆண்பிள்ளை இருந்து செய்கிற காரியம் என்று உன் மாமா சொல்கிறார். நீ இல்லாவிட்டால் அவரே செய்துவிடுவாராம். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. படகுத் தளத்தில் வழுக்கும், பார்த்து நட. கூடையில் உனக்கு மிளகாய்க் குழம்பு ஒரு புட்டி வைத்திருக்கிறேன், மூடியைத் துணியால் பிடித்துத் திற.

எசி வெள்ளிக்கிழமை திரும்பி வந்துவிடுவாள். சனிக்கிழமை சாயங்காலம், பாண்டு முடிந்ததும், நான் போன் அடிப்பேன். எடு, ராசா. நீ ஒன்றும் பேச வேண்டாம். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டால் போதும். மீன் என்ன விலை விற்கிறது, சித்தி யாரோடு சண்டை போட்டாள் என்று நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
அமா பென்யிவா