அப்பாவின் கோப்பை ஆடாமல் நின்ற கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை நிஜமாகவே நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். எப்படிச் சொல்வது, நீ கூப்பிட்டாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். இப்போது தெருமுனை வரை நடந்துவிட்டு வரப் போயிருக்கிறார், கையில் கோல், காலில் நீ அனுப்பிய செருப்பு. அவர் திரும்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். படித்த பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி இரு. அது உனக்கு வராது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் முயற்சி செய்.

அப்பா மயக்கம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கேட்டதிலிருந்து நீ சரியாகத் தூங்குவதே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பரீட்சையாவது ஒன்றாவது, நானே வந்து கையோடு கூட்டிப்போகிறேன் என்று நீ அழுதாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பதவி உயர்வுப் பரீட்சைக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா. எங்களால் அது கெட்டுப்போகப் போகிறதே என்று ஒரு பக்கம், இந்த வீட்டை விட்டால் இந்த மனுஷர் தாங்குவாரா என்று ஒரு பக்கம், மறுபடி மயக்கம் வந்து கீழே விழுந்து, ஆபரேஷனில் சரிசெய்த இடுப்பு எலும்பு மறுபடி போய்விட்டால் என்ன செய்வேன் என்று ஒரு பக்கம். உண்மையைச் சொல்கிறேன், ரொம்பப் பயந்துவிட்டேன். டாக்டர் அம்மா எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, சர்க்கரை இல்லை. கடைசியில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க என்று சாதாரணமாகக் கேட்டார்கள், உன் அப்பா உடனே மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தோண்டித் துருவிக் கேட்டபோது, காலையில் மாத்திரையோடு அரை டம்ளர், அவ்வளவுதான். இடுப்பைச் சரி பண்ணிக்கிட்டு கிட்னியைக் கெடுத்துக்கப் போறீங்களா என்று அந்த அம்மா போட்ட சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்ததுதான் மயக்கம். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் தாகமே எடுக்கலை என்றார். நானும் நம்பினேன். பஸ் ஓட்டிய காலம் முழுக்க, நடுவழியில் இறங்க முடியாது என்று தொண்டையைக் காயப்போட்டே வண்டி எடுத்தவர் ஆயிற்றே, வயசான பிறகு பழைய பழக்கம் திரும்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து டம்ளரைக் கையில் கொடுத்தால் வாயை நனைத்துவிட்டு மீதியை ஜன்னல் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். அந்தச் செடி மட்டும் தளதளவென்று இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உண்மை வெளியே வந்தது கீழ்வீட்டு அக்காவால்தான். பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாளே, அவள்தான். அவள் என்னை அக்கா என்கிறாள், நான் அவளை அக்கா என்கிறேன், யாருக்கு வயசு அதிகம் என்று இரண்டு பேரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தன்னுடைய வெள்ளைக் கோட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, அக்கா நீங்க துணிக்குச் சாயம் போடறீங்களா, எங்க பாத்ரூம் சீலிங்கு நீலமா இருக்கு, சொட்டு விழுந்து கோட்டெல்லாம் புள்ளி புள்ளியா ஆயிடுச்சு என்றாள். போய்ப் பார்த்தேன். நடு சீலிங்கில் ஒரு பெரிய நீலக் கறை. அந்த நீலம் எனக்குத் தெரியாதா, அதனோடுதானே தினமும் குடித்தனம். என் தையல் சாக்பீஸ்! நான் துணியில் கோடு போட வைத்திருக்கும் தட்டைச் சாக்பீஸ் ஒன்றொன்றாகக் காணாமல் போகிறதே, எலிதான் இழுத்துப்போகிறது என்று மிஷினுக்கு அடியில் பொறி வேறு வைத்திருந்தேன். மூச்சு வாங்க மாடி ஏறி வந்து குனிந்து பார்த்தால், நம் வீட்டு டாய்லெட் கோப்பைக்கு அடியில் சுற்றிலும் செருகி வைத்திருக்கிறார். ஓரம் மெல்லிசாகத் தேய்ந்த துண்டாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார், ஆப்பு வைக்க அதுதான் வசதியாம். பாதி அங்கேயே கரைந்து கூழாகக் கிடந்தது, மீதிப் பாதி கீழ்வீட்டு சீலிங்கில். பொறியில் எலி விழவில்லை, உன் அப்பா விழுந்தார்.

இது எப்படி வந்தது தெரியுமா, நல்லது செய்யப் போய் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வழுக்கி விழக்கூடாது என்று பாத்ரூமில் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டினோமே, அங்கேதான் ஆரம்பம். தரை உயர்ந்துவிட்டது, தரைக்குள் இருக்கிற குழாய் வாய் பழைய இடத்திலேயே பள்ளத்தில் நின்றுவிட்டது. கோப்பைக்கும் அந்தக் குழாய் வாய்க்கும் நடுவில் ஒரு மெழுகு வளையம் வைப்பார்கள், கோப்பையின் கனத்தில் அது நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், தண்ணீரும் நாற்றமும் வெளியே வராது. பள்ளம் அதிகமானதால் நம் பிளம்பர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மெழுகு வைத்து உட்கார வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் கோப்பை ஆட ஆரம்பித்திருக்கிறது, அடியில் கசிந்திருக்கிறது. உன் அப்பா என்னிடம் மூச்சு விடவில்லை. எனக்குத் தெரிந்தால் உனக்குத் தெரியும், உனக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டச் சொல்வாய், அதனால் சாக்பீஸைச் செருகிவிட்டு, போய் உட்காருகிற வேலையையே குறைத்துக்கொள்ளலாம் என்று தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள், இவர் தண்ணீரே குடிக்காமல் தப்பிக்கப் பார்த்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஆடற வண்டியில யாரு ஏறுவா, நான் டிரைவரா இருந்தவன், நானே ஏற மாட்டேன் என்றார். நன்றாகக் கத்தினேன். அப்புறம் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கூடவே இருக்கிற மனுஷர் பயந்து பயந்து தாகத்தோடு இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லையே என்று மனசு ஆறவே இல்லை.

பிளம்பரைக் கூப்பிட்டோம். நாங்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் நாளைக்காரர், எதைக் கேட்டாலும் நாளைக்கு வரேன் என்பதால். ஆனால் கீழ்வீட்டு அக்கா பல் பிடுங்குகிற குரலில் ஒரு போன் போட்டாள், மனுஷர் அன்றைக்கே வந்து நின்றார். வந்தவர் புது மெழுகு வைத்து போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிடறேன் என்றுதான் ஆரம்பித்தார். நான் விடவில்லை, நல்லா இருந்தது ஏன் ஆடுச்சுன்னு முதல்ல சொல்லுங்க என்றேன். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, சார் நீங்க சும்மா ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருங்க, நான் பார்க்கணும் என்றார். உன் அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இதுக்குமா ஒத்திகை என்று முறைத்தார். மூடியை மூடி, வேஷம் போட்டவர் மேடையில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார். கீழ்வீட்டு அக்கா மரியாதைக்குக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், ஆனால் ஆடுதா, ஆடுதா என்று கேட்டபடியே இருந்தாள். எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது. ஆபரேஷன் செய்த பக்கம் வலு வராததால், மற்ற பக்கத்து விளிம்பில் கையை ஊன்றி உடம்பு மொத்தத்தையும் அதில் போட்டு எழுகிறார். அவர் எழ எழ, எதிர்ப்பக்கம் கோப்பை தரையை விட்டு ஒரு நூல் அளவு எழும்புகிறது. பிறகு தொப்பென்று உட்கார்கிறது. தினமும் அதே பக்கம், அதே ஊன்றல். கோப்பையைக் கழற்றிப் பார்த்தால் மெழுகு ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கியிருக்கிறது, இன்னொரு பக்கம் ஒட்டாமல் விலகி நிற்கிறது. மெழுகு அமுங்கினால் அமுங்கியதுதான், திரும்பி எழும்பாது. எனக்கு உடனே இடுப்புப்பட்டிதான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்து எழுகிற உடம்புக்கு வெறும் நூல் போட்டுத் தைத்தால் விட்டுப்போகும், எலாஸ்டிக் வைத்தால் கூடவே போய்க் கூடவே வரும். அமுங்கினா திரும்ப எழும்பி வர்ற மாதிரி எதுவும் கிடையாதா என்று கேட்டேன். நாளைக்காரர் தலையைச் சொறிந்தார். ரப்பர்ல ஒண்ணு வருதும்மா, மெழுகே வேண்டாங்கறாங்க, பள்ளமா இருந்தா கூட ஒரு வளையம் சேர்த்துக்கலாமாம், ஆனா எனக்கு அதுல நம்பிக்கை இல்ல என்றார். நம்பிக்கை மெதுவா வரட்டும், ரப்பர் முதல்ல வரட்டும் என்றேன்.

கீழ்வீட்டு அக்காவே போய் ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்தாள். தடியான மெத்தென்ற ரப்பர் வளையம், அதற்குக் கீழே புனல் மாதிரி ஒரு கழுத்து, அது குழாய்க்குள் இறங்கி நிற்கும். அதற்குள் நாளைக்காரர் பழைய மெழுகையெல்லாம் பட்டி போடுகிற தகட்டால் சுரண்டி எடுத்தார், துளி மெழுகு இருந்தாலும் ரப்பர் ஒட்டி உட்காராதாம். நாற்றம் வராமலிருக்கக் குழாய் வாயில் அடைக்கத் துணி கேட்டார். நான் பழைய துணியில் நீளமாக ஒரு ரிப்பன் தைத்து, ரிப்பன் நுனியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிக் கொடுத்தேன். துணிக்கு வால் எதுக்கும்மா என்று சிரித்தார். சிரித்தவருக்கு நடுவில் ஒரு போன் வந்தது, பேசிவிட்டு வந்து துணியை எடுக்காமலே கோப்பையைத் தூக்கிவிட்டார். ரிப்பன் காலில் தட்டியது, அப்போதுதான் ஞாபகம் வந்து துணியை உருவி எடுத்தார். அதற்குப் பிறகு வாலைப் பற்றிப் பேச்சே இல்லை. கோப்பையை இறக்கும்போது உன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்கிற மாதிரி, வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, போதும் நிறுத்துங்க என்று கையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு சொல்லியும் ஒரு போல்ட் ஓட்டைக்குள் வரவில்லை, திரும்பத் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. மெழுகா இருந்தா இதோட போச்சு, புதுசு வாங்கணும் என்று நாளைக்காரரே ஒப்புக்கொண்டார். ரப்பர் ஒன்றும் நடக்காத மாதிரி பழைய உருவத்துக்கு வந்து நின்றது. இரண்டு பக்கமும் நட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார், ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் விரிந்துவிடுமாம். சாக்பீஸ் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஆப்பு வைத்தார். சுற்றிலும் சிலிக்கான் பூசிவிட்டுப் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பூசாமல் விட்டார். அது ஏன் என்று கேட்டதற்கு, எப்பவாவது கசிஞ்சா தண்ணி வெளிய வந்து நமக்குச் சொல்லணும்மா, முழுக்க மூடிட்டா உள்ளுக்குள்ளயே இருந்து கீழ்வீட்டுக்குப் போயிடும் என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் சீலிங்கைப் பார்த்தார்.

கிளினிக்கில் இருக்கிற மாதிரி சுவரில் ஒரு கைப்பிடி போட்டால் அண்ணன் கோப்பையில் கை ஊன்ற வேண்டாமே என்று கீழ்வீட்டு அக்கா சொல்ல, அதையும் அன்றைக்கே மாட்டினோம். பிறகு வாளி வாளியாக ஊற்றி ஃப்ளஷ் செய்தோம். சுற்றிலும் காகிதம் போட்டுப் பார்த்தேன், துளி ஈரம் இல்லை. அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் காஞ்சிருக்கு, காஞ்சிருக்கு என்று ஜன்னல் வழியாகக் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர் துணி காய்ந்துவிட்டதோ என்று தன் கொடியைப் போய்ப் பார்த்தாராம். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், ஒரு மாதம் கோட்டைத் தாண்டாமல் இருந்தால்தான் வெள்ளையடிக்க விடுவாளாம். இதுவரை தாண்டவில்லை. நானும் தினமும் காலையில் காகிதத்தை எடுத்துத் தடவிப் பார்க்கிறேன், மொறமொறவென்று இருக்கிறது. எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருக்கிறது பாப்பா. அப்பாவுக்கு மயக்கம் போய்விட்டது, டாக்டர் அம்மாவும் பார்த்துவிட்டுத் திருப்தி என்றார்கள். நான் கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிடுகிறார், எதிரில் நின்று பார்க்கிறேன், செடிக்குப் போவதில்லை. ஆனால் வாயைத் திறந்து இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தப் பயம் போக நாளாகும் போலிருக்கிறது, ரப்பர் மாதிரி மனசு உடனே எழும்பிவிடுமா.

அதனால் நீ எங்களைக் கூட்டிப்போக வர வேண்டாம். பரீட்சையை நன்றாக எழுது. எழுதி முடித்துவிட்டு இரண்டு பேரும் விருந்தாளியாக வாருங்கள், கோப்பையில் தைரியமாக உட்காரலாம். நீயும் அப்பாவின் மகள்தானே, ஆபீஸில் வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாய், பாட்டிலை மேஜை மேல் கண்ணுக்கு எதிரே வை. உன் வீட்டில் எது ஆடினாலும் ஆப்பு வைக்காதே, எனக்குச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசில் எதையும் ஒளித்து வைக்காமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மாப்பிள்ளையின் சட்டை அளவை மறக்காமல் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா

உறையில் போடுவதற்குள் அப்பா வந்துவிட்டார். என்ன எழுதறே என்றார், பரீட்சைக்கு வாழ்த்து என்றேன். நான் வைத்திருந்த தண்ணீரை நின்றபடியே குடித்தார். காலி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. என்னிடம் நீட்டி, வெயில் ஜாஸ்தி, இன்னும் ஒரு டம்ளர் குடு என்றார். வழிய வழிய ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.