உன் முகத்தின் நிறம்

அச்சகத்திலிருந்து உன் கல்வெட்டின் மாதிரிப் பிரதி வந்திருக்கிறது. நீ போன முப்பத்தோராம் நாளுக்கு வருபவர்களின் கையில் கொடுக்கப்போகும் நினைவுப் புத்தகம். மை வாசனை இன்னும் போகவில்லை. அட்டையில் ஒரு பெண் சிரிக்கிறாள். உன் மூக்குத்தி, உன் சேலை. நிறம் மட்டும் யாருடையதோ. கல்யாணப் பேச்சுக்கு அனுப்பும் படங்களை வெளுப்பாக்குவதுபோல ஸ்டூடியோக்காரர் உன்னையும் வெளுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்காபரோவில் நம் தமிழ் நூலகச் சுவருக்கு நீ தலைவர்களை வரைந்த குளிர்காலம் நினைவுக்கு வருகிறது. நூற்று முப்பது வருடத்துக்கு முன் தேர்தலில் வென்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் போய் அமர்ந்த பம்பாய்க்காரர்தான் உன்னைப் பாடாய்ப்படுத்தினார். அவருடைய பழைய படங்களைக் குசினிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தாய். ஆதரித்தவர்களின் படத்தில் அவர் வெள்ளைக்காரத் துரை மாதிரி இருந்தார். எதிர்த்தவர்களின் கேலிச்சித்திரத்தில் அடுப்புக்கரி மாதிரி.

"பாரடி, வாக்குப் போட்டவனும் இந்தாளின்ர முகத்தைச் சும்மா விடேல்ல, போடாதவனும் விடேல்ல" என்றாய். இரண்டையும் தள்ளிவிட்டு, வீடு வீடாக நடந்து வாக்குக் கேட்டுக் களைத்த ஒரு தாடிக்காரராக அவரை வரைந்தாய்.

நூலகச் செயலாளர் வந்து பார்த்தார். "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் வெள்ளையாக் கீறியிருக்கலாம். பெரிய மனிசர் எல்லே?"

"ஏன் அண்ணை, வெளுத்தால்தான் பெரிய மனிசரோ?"

நீ தூரிகை கழுவப் போனாய். கழுவின தூரிகையையே திரும்பத் திரும்பக் கழுவினாய். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உன் நிறத்தைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இன்று மாதிரிப் பிரதியோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒஷாவாவிலிருந்து உன் தமையனும் வந்திருந்தார். "செத்த பிள்ளை. வடிவா இருந்திட்டுப் போகட்டும், விடுங்கோ" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனாலும் நான் விடவில்லை.

"அவள் வடிவாத்தான் இருந்தவள், அண்ணை. உங்கட வீட்டில ஒருத்தரும் அதை அவளுக்குச் சொல்லேல்ல."

அவர் மாதிரிப் பிரதியை என்னிடமிருந்து வாங்கி அட்டையைப் பார்த்தார். பிறகு ஸ்டூடியோக்காரரிடம், "இருந்தபடி போடுங்கோ" என்றார்.

உன் வாய்த்துடுக்கை எனக்குத்தான் விட்டுப் போயிருக்கிறாய், தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லோர் மடியிலும் நீ கறுப்பாகவே சிரிப்பாய். படம் கொஞ்சம் இருண்டு போச்சு என்று யாராவது சொல்லட்டும். நான் வாசலில்தான் நிற்பேன்.